விருந்தாளிக்கு முதல் சஹன்

எங்கள் குடும்பத்தில் யாரும் கால்பந்து ஆடியதில்லை. ஓடுவது நமக்கு அழகல்ல என்பார் என் தந்தை ஹாஜி செய்யது மீரான். ரங்கூன் லான்மடாவில் எங்கள் கயிற்றுக் கடைக்குப் பக்கத்துக் கடை தீப்பிடித்த அன்றுகூட அவர் நடந்துதான் வெளியே வந்தார் என்று பெருமையாகச் சொல்வார்கள். அப்படிப்பட்டவரின் பெயரில் ஒரு கால்பந்து அணி இருந்தது. ரங்கூனில் அந்த அணியைச் சொந்த மைதானத்தில் எவராலும் வெல்ல முடியாத ஒரு காலமும் இருந்தது. அதற்குக் காரணம் நான் என்றுதான் வெகுநாள் நம்பியிருந்தேன். உண்மையில் காரணம் நான்தான். ஆனால் நான் நம்பிய விதத்தில் அல்ல.

பசுந்தாங் ஓடையை ஒட்டி எங்களுக்கு ஒரு வெற்று நிலம் இருந்தது. பக்கத்தில் இருந்த தனியார் வணிகக் கல்லூரிக்கு என் தந்தை அதைக் கொடுத்தார். ஒரே நிபந்தனை. அது மைதானமாகவே இருந்து, அதற்கும் அதில் ஆடும் அணிக்கும் தம் பெயர் இருக்க வேண்டும். அந்த நிபந்தனையைத் தளர்த்தும் உரிமை குடும்பத்தின் மூத்தவருக்கு மட்டும் உண்டு. இப்போது மூத்தவன் அப்துல் சமது ஆகிய நான். கல்லூரியின் விளையாட்டுக் குழுவுக்குத் தலைவனும் நானே. கார்னர் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது தலைவனான நான்காவது வருடம். அதற்குமுன் யாரும் சொல்லத் துணியவில்லை.

ஆட்ட நாளில் எங்கள் வழக்கம் இது. வெளியூர் அணி வந்து இறங்கியதும் நேரே மைதானத்துக்கு எதிரே இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். கூடத்தில் பாய் விரித்திருக்கும். நான்கு பேருக்கு ஒரு சஹன். அந்தப் பெரிய வட்டத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது எங்கள் பாட்டனார் கீழக்கரையிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பழக்கம். தட்டில் இந்த ஊர்க்காரர்கள் டம்பாவ் என்று சொல்லும் பிரியாணி. ஆட்டுக்கறி, முந்திரி, திராட்சை, ஓரத்தில் மாங்காய் ஊறுகாய். சஹன் காலியாகத் தெரிந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். ‘போதும்’ என்று விருந்தாளி மூன்றுமுறை சொன்னால்தான் அதைச் சொல்லாகக் கணக்கில் எடுப்போம். என் தந்தையின் பெயரைத் தாங்கிய எங்கள் அணி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சமம். ஆகவே அவர்கள் வீட்டார் சாப்பிடும் நேரத்தில், அதாவது விருந்தாளிகள் விடைபெற்றபின், அதாவது ஆட்டம் முடிந்தபின் சாப்பிடுவார்கள். விருந்தாளிக்கு முன்னால் வீட்டான் கை நனைப்பது எங்கள் குடும்பத்தில் நடந்ததில்லை.

விருந்தாளிகள் சாப்பிடும் நேரத்தில் நான் எங்கள் பையன்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, குடும்ப மானம் பற்றி ஒரு சொற்பொழிவு செய்வேன். வெயிலில், வெறும் வயிற்றில், எதிர்வீட்டுக் கூடத்திலிருந்து நெய் மணம் காற்றில் வந்துகொண்டிருக்க, அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். கண்கள் சிவந்திருக்கும். என் பேச்சு அவர்களுக்குள் நெருப்பை மூட்டுகிறது என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

நாங்கள் ஜெயித்தோம். ஜெயித்துக்கொண்டே இருந்தோம். கணக்குப் பதிவியல் படிக்க விருப்பமே இல்லாத பையன்களெல்லாம் எங்கள் அணியில் ஆடுவதற்காகவே அந்தக் கல்லூரியில் சேர்ந்தார்கள். பயிற்சியாளர் தாமஸைப் பெரிய தந்திரசாலி என்று பத்திரிகையில் எழுதினார்கள். மிஷன் பள்ளி ஆசிரியர் குடும்பத்திலிருந்து வந்தவர். அதிகம் பேசமாட்டார். மற்றக் கல்லூரிகள் அவரை அழைத்து உரையாற்றச் சொன்னபோது எழுந்து நின்று, “பையன்களை ஓட விடணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். அதை அடக்கம் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

பிறகு நான் ஒரு திருமணத்துக்காகச் சிங்கப்பூர் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

அங்கே உறவுக்காரப் பையன் ஒருவன் விளையாட்டு வீரர்களின் உணவைப் பற்றி எனக்கு விளக்கினான். ஆட்டத்துக்கு முன் என்ன சாப்பிட வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும் என்பதற்கெல்லாம் அங்கே விஞ்ஞானம் இருக்கிறதாம். சொந்தப் பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டு எதிரிக்கு விருந்து வைக்கிறோமே என்று விமானத்திலேயே வெட்கப்பட்டேன். திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் மாற்றினேன். எங்கள் பையன்களுக்கு ஆட்டத்துக்கு முன் முட்டை, பால், வாழைப்பழம், கோழிக்கறி, சோறு. நான் செய்வதை என்றைக்கும் பாதியோடு நிறுத்தியதில்லை. ஆகவே எல்லாம் இரண்டு மடங்கு. விருந்தாளிகளுக்கு நவீன முறைப்படி ஒரு கேக் துண்டும் தண்ணீர்ப் போத்தலும் அடங்கிய பொட்டலம்.

என் மனைவி பல்கீஸ் அன்றே கேட்டாள். “வீடு தேடி வந்த புள்ளைங்களுக்குக் கேக்குப் பொட்டலமா? மையத்து எடுத்த வீட்டுல குடுக்கற மாதிரி?”

“இது விஞ்ஞானம்” என்றேன்.

“உங்க வாப்பா இருந்திருந்தா அந்தப் பொட்டலத்த உங்க தலையில வெச்சிருப்பாங்க.”

அந்த வருடம் முதல் ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கினோம். அடுத்ததில் ஐந்து. நான் சும்மா இருக்கவில்லை. மைதானம் ஓடைப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மண் கொட்டினேன். பூட்ஸை மாற்றினேன். கேப்டனை மாற்றினேன். சொற்பொழிவை நீட்டினேன். பையன்கள் எல்லாம் நாட்டைவிட்டுப் போகிறார்கள், பாஸ்போர்ட் எடுப்பவன் பந்தை எங்கே எடுப்பான் என்று தேநீர்க் கடைகளில் பேசினேன். அது உண்மைதான். ஆனால் அது எல்லாக் கல்லூரிக்கும் உண்மை. எங்களை ஐந்து கோல் போட்டு அடித்தவர்களும் போனவர்கள் போக மிச்சமிருந்தவர்களை வைத்துத்தான் ஆடினார்கள்.

மூன்று வருடம் இப்படிப் போனது. இந்த வருடம் குழுக் கூட்டத்தில் கல்லூரியின் முதல்வர் டா ராஜகுமாரி மெதுவாக ஆரம்பித்தார். இந்த ஊரில் மரியாதைக்குப் பெண் பெயருக்கு முன்னால் டா, ஆண் பெயருக்கு முன்னால் ஊ.

“பஸ் நிறுத்த இடமில்ல, ஊ சமது. கரண்டு இல்லாத நேரத்துக்குப் பெரிய ஜெனரேட்டர் ஒண்ணு வைக்கணும், அதுக்கும் இடமில்ல. டீம் ஜெயிச்சுக்கிட்டிருந்தா நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

“ஹாஜி மீரான் மைதானத்தில் பஸ்ஸா?”

“இப்ப ஆடு மேயுது.”

அவை எங்கள் வீட்டு ஆடுகள் என்பதால் நான் அந்தப் பேச்சைத் தொடரவில்லை. விருந்து நின்றதிலிருந்து ஆடுகள் பெருகிவிட்டன. ஆனால் முதுகை நிமிர்த்திக்கொண்டு எழுந்து நின்றேன். நான் அப்படி நிற்கும்போதெல்லாம் ஏதாவது விபரீதம் நடக்கும் என்பது என் வீட்டாருக்குத் தெரியும். கூட்டத்தில் வீட்டார் யாரும் இல்லை.

“பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன்லியின் என்ற ஊரின் கல்லூரி அணியோடு இங்கே நடக்கும் ஆட்டம் வருகிறது. அதில் என் தந்தையின் அணி தோற்றால், நானே என் கையால் பெயர்ப்பலகையை இறக்குவேன். அதன்பிறகு பஸ் நிறுத்துங்கள், கப்பல் நிறுத்துங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. இது மீரான் குடும்பத்தின் வாக்கு.”

யாராவது தடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் தாமஸை லான்மடாவுக்கு வரவழைத்தேன். கடையில் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து, வாங்கிக் கொடுத்த தேநீரைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியரை இந்த ஊரில் சயா என்போம்.

“சயா, அன்றைக்கு ஜெயித்தோம், இன்றைக்குத் தோற்கிறோம். அதே மைதானம், அதே நீங்கள். உங்கள் தந்திரம் எங்கே போயிற்று?”

“தந்திரம் என்கிட்ட இல்ல, ஊ சமது. உங்க வீட்டம்மா கிட்ட இருந்துச்சு.”

“விளங்கும்படி சொல்லுங்கள்.”

“அவங்க வந்து டம்பாவ் சாப்பிடுவாங்க. நல்லா சாப்பிடுவாங்க. நீங்க வேற விட மாட்டீங்க, இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டின்னு. அப்புறம் வெயில்ல வந்து நிப்பாங்க. நான் நம்ம பசங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்வேன். பந்த அவங்க பின்னாடி தூரமா தட்டிவிடுங்க, அவங்க ஓடட்டும். அரைமணி நேரத்துல அவங்க கோல்கீப்பரு கம்பத்துல சாஞ்சிருவான்.”

“நம் பையன்கள்?”

“நம்ம பசங்களுக்குப் பசி. ஆட்டம் முடிஞ்சாத்தான் சோறு. சீக்கிரம் முடியணும்னு ஆடுவானுங்க.”

“என் சொற்பொழிவு?”

தாமஸ் முதன்முறையாகத் தேநீரை எடுத்துக் குடித்தார். அவர் நல்ல மனிதர்.

“இதை ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை?”

“பேப்பர்ல என் போட்டோ வந்துச்சு” என்றார். “அப்புறம் எப்படிச் சொல்றது?”

அன்று மாலை வீட்டுக்கு வந்து பல்கீஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கத் தொடங்கி, முட்டாக்கு நுனியால் வாயை மூடிக்கொண்டு, அடுப்படிக்குப் போய்ச் சிரித்து முடித்துவிட்டு வந்தாள். நான் மிகுந்த கண்ணியத்தோடு காத்திருந்தேன்.

“ஆக, விருந்தை மறுபடி தொடங்குகிறோம்” என்றேன். “விருந்தாளிக்கு முதல் சஹன். குடும்ப வழக்கம்.”

அவள் சிரிப்பு நின்றது. “இப்ப முடியாதுங்க.”

“ஏன் முடியாது? ஆடு இல்லையா?”

“ஆடு இருக்கு. மனசுல நல்லெண்ணம், அந்த நிய்யத்து எங்க இருக்கு? அன்னைக்கு ஒண்ணும் தெரியாம வெச்சீங்க, அது விருந்து. இன்னைக்கு அவங்க கால் ஓடக்கூடாதுன்னு நெனச்சு வெச்சா, அது எலிப்பொறியில வைக்கிற கருவாடு.”

“வைக்காமல் விட்டால் வழக்கத்தை மீறியதாகும்.”

“அத மூணு வருஷமா மீறிக்கிட்டுத்தானே இருக்கீங்க.”

அடுத்த சில நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. விருந்து வைத்தால் பெயர் பிழைக்கும், ஆனால் மானம் போகும். வைக்காவிட்டால் மானம் இருக்கும், பெயர்ப்பலகை போகும். என் தந்தை இதில் எதைத் தேர்ந்திருப்பார் என்று யோசித்தேன். அவர் சிங்கப்பூருக்கே போயிருக்கமாட்டார் என்பதுதான் ஒவ்வொரு முறையும் கிடைத்த விடை.

கடைசியில் ஒரு வழி கண்டேன். விருந்து உண்டு. ஆனால் இரண்டு அணியும் ஒரே நேரத்தில், ஒரே சஹனில். இருவர் அவர்கள், இருவர் நாங்கள். ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்களுக்குள் சூது இருக்க முடியாது. வயிறும் சமம், ஆட்டமும் சமம். இதைச் சொன்னபோது பல்கீஸ் தலையசைத்தாள். தாமஸ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஆட்டம் வியாழக்கிழமை. பாலத்தில் நெரிசல் என்று தன்லியின் பஸ் தாமதமாக வந்தது. முதலில் இறங்கியவர் அவர்களுடைய பயிற்சியாளர் தங்கவேலு. நெய் மணத்தை மோந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“பாய், மறுபடியும் டம்பாவா?”

எல்லோரும் என்னை ஊ சமது என்பார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் நான் பாய். பொறுத்துக்கொண்டேன். “ஆம். வாருங்கள்.”

கூடத்துக்குள் வந்து, எங்கள் பையன்களும் பாயில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர் சத்தம் போட்டுச் சிரித்தார். “என்ன பாய், ஒங்க ஆளுங்களையும் ஒக்கார வெச்சிட்டீங்க? அப்ப எப்படி ஜெயிப்பீங்க?”

எனக்கு முகம் வியர்த்தது. “உங்களுக்குத் தெரியுமா?”

“எது? சோத்தப் போட்டுக் கோல் போடுறதா? தன்லியினுக்கே தெரியும். மத்த காலேஜுக்கும் தெரியும்.”

“தெரிந்தும் ஏன் சாப்பிட்டீர்கள்?”

“என்ன பாய் இப்படிக் கேக்கறீங்க? பசங்க ஹாஸ்டல் சோறு தின்னு காஞ்சவனுங்க. கோப்பையக் குடுத்தா அலமாரியில கெடக்கும். இது வயித்துல கெடக்கும். மீரான் கிரவுண்டுக்குப் போறோம்னா எல்லாப் பயலும் டீம்ல எடம் வேணும்னு சண்ட போடுவான். தோத்துட்டு வரும்போதும் பஸ்ஸுல பாட்டுத்தான்.”

“இந்த மூன்று வருடம்?”

“கேக்குப் பொட்டலம் குடுத்தீங்களே, அதுக்குத்தான் அந்த அஞ்சு கோலு” என்று சொல்லிவிட்டு, கை கழுவப் போனார்.

ஆக, ஊர் முழுக்க அறிந்த ரகசியத்தை அறியாதவன் நான் ஒருவன்தான். குடும்ப மானத்தை நான் கண்ணுக்குள் வைத்துக் காத்த காலமெல்லாம், எங்கள் வெற்றிகளுக்கு ஊர் சோற்று விலை போட்டு வைத்திருந்தது. ஒருவரும் அதைக் கேவலமாக நினைக்கவில்லை என்பது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அன்று இருக்கவில்லை.

எல்லோரும் சாப்பிட்டார்கள். மூன்று வருட இடைவெளியைச் சரிக்கட்டுவதுபோல் தன்லியின் பையன்கள் சாப்பிட்டார்கள். இதுவரை சூடான சஹனைக் கண்டதே இல்லாத எங்கள் பையன்கள் அவர்களை மிஞ்சினார்கள். டா ராஜகுமாரியும் உள்கூடத்தில் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஒரே ஒரு பையன் மட்டும் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தான். தன்லியின் அணியின் ஜாபர்.

“ஏன் தம்பி, உடம்புக்கு என்ன?”

“வியாழக்கிழமை நோன்புங்க, பெரியவரே. திங்களும் வியாழனும் வைப்பேன்.”

என் நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தக் காலத்தில் கட்டாயமில்லாத சுன்னத்தான நோன்பை இந்த வெயிலில் வைத்துக்கொண்டு பந்தாடவும் வருகிற பிள்ளை. அவன் தோளில் கைபோட்டுக் கூடத்தின் நடுவே நிறுத்தி, எங்கள் பையன்களைப் பார்த்து, இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு சிறு சொற்பொழிவே செய்தேன். அவர்கள் கறித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்கள். பல்கீஸை அழைத்து, இந்தப் பிள்ளை நோன்பு திறக்க ஒரு பங்கு தனியாக எடுத்துவைக்கச் சொன்னேன். ஆட்டத்தின் போக்கைப் பற்றி அந்த நேரத்தில் எனக்கு ஒரு சிந்தனையும் எழவில்லை என்பதை நினைத்தால், தாமஸ் ஏன் என்னை அப்படிப் பார்த்தார் என்பது இப்போது புரிகிறது.

கால்பந்து வரலாற்றில் அப்படி ஓர் ஆட்டம் நடந்திருக்காது. இருபத்தொரு பேர் நடந்தார்கள். பந்து ஒருவனைக் கடந்துபோனால் அவன் அதைப் பார்த்து வழியனுப்பினான். எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவனும் அவர்கள் முன்கள வீரன் ஒருவனும் மைதானத்து நடுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஏப்பம் விட்டுக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரே சஹனில் சாப்பிட்டவர்கள். நடுவரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டிருந்தார், விசிலை ஊதுவதற்கே சிரமப்பட்டார். என் தந்தை இருந்திருந்தால் மெச்சியிருப்பார். யாருமே ஓடவில்லை.

ஜாபர் ஓடினான். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், யாருக்கும் வேண்டாமல் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தான். ஒருவன் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தான், காலை நீட்டவில்லை. கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்திருந்தான். பந்து உள்ளே போனபின்தான் திரும்பிப் பார்த்தான்.

ஒன்றுக்குப் பூஜ்யம். தோற்றோம்.

டா ராஜகுமாரி என்னிடம் வந்தார். முகத்தில் வருத்தம் இருந்தது. “ஊ சமது, இத ஒரு ஆட்டமாவே எடுத்துக்க வேணாம். சும்மா சினேகமா ஆடினதா எழுதிக்கலாம். ஜெனரேட்டர வேற எங்கயாவது பாத்துக்கறோம்.”

“வாக்கு வாக்குதான், அம்மா.”

“உங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு அந்த மைதானத்துல பஸ்ஸ நிறுத்த எனக்குக் கஷ்டமா இருக்கு.”

“நிறுத்துங்கள். தின்றவர்கள் யாரும் அதற்காகக் கஷ்டப்படக் கூடாது என்பதுதான் எங்கள் வழக்கம்.”

சொன்னபடி பெயர்ப்பலகையை என் கையால் இறக்கினேன். அதாவது ஏணியில் இரண்டு படி ஏறினேன், மிச்சத்தைத் தாமஸ் ஏறி இறக்கினார். தகரப் பலகை நினைத்ததைவிட இலேசாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் சாய்த்து வைத்தேன்.

சூரியன் மறைந்து மக்ரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் ஜாபர் வந்தான். கூடவே தங்கவேலுவும், பஸ்ஸுக்குள் தூங்கிக்கொண்டிருந்த அணி முழுவதும். பேரீச்சம்பழம் கொடுத்தேன். பல்கீஸ் எடுத்துவைத்த பங்கைக் கொண்டுவந்தாள். பையன் நோன்பைத் திறந்துவிட்டு, பலகையைப் பார்த்தபடியே தலைகுனிந்து சாப்பிட்டான்.

“எனக்குத் தெரியாதுங்க, பெரியவரே. ஆட்டம் முடிஞ்சு பஸ்ஸுல ஏறினப்புறம்தான் இந்தப் பலகை சங்கதியச் சொன்னாங்க” என்றான். “தெரிஞ்சிருந்தா...”

“தெரிந்திருந்தால்?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “கோல் போட்டுத்தான் இருப்பேன். ஆனா மனசு கஷ்டப்பட்டிருக்கும்.”

எனக்கு அந்தப் பையனை மேலும் பிடித்துப்போயிற்று.

தங்கவேலு பலகையைத் தட்டிப் பார்த்தார். “பாய், ஒங்களுக்கு இனிமே கிரவுண்டு இல்ல. பேரு இருக்கு, தாமஸ் சயா இருக்காரு, பசங்க இருக்கானுங்க. எங்க கிரவுண்டு சும்மாத்தானே கெடக்கு. வருஷத்துக்கு ஒருதரம் இந்தப் பலகையத் தூக்கிக்கிட்டுப் பாலம் தாண்டி வாங்க. அங்க மாட்டுவோம். ஹாஜி மீரான் டீமு அங்க வந்து ஆடட்டும்.”

“சஹனையும் கொண்டுவருகிறோம்” என்றேன்.

“அது எப்படி? அங்க நீங்கதானே விருந்தாளி. நாங்கதான் சோறு போடுவோம். எங்க ஊட்டுப் பொம்பளைங்க உங்க வீட்டு டம்பாவப் பத்திக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போயிருக்காங்க. ஒங்க பசங்க எந்திரிக்க முடியாத அளவுக்குப் போடணும்னு காத்துக்கிட்டிருக்காங்க. ஒரு கரண்டியும் வேணாம்னு சொல்லக்கூடாது, ஆமா.”

விருந்தாளியாகப் போன இடத்தில் வைத்த சோற்றை மறுப்பது எங்கள் குடும்பத்தில் நடந்ததில்லை. மறுக்க ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அதை எல்லோரும் மதிப்பார்கள். நான் நோன்பு திறந்த ஜாபரின் முன்னால் காலியாகிக்கொண்டிருந்த தட்டைப் பார்த்தேன். மெல்ல முதுகை நிமிர்த்தினேன்.

“மெத்த மகிழ்ச்சி” என்றேன். “ஆட்டத்தை வியாழக்கிழமையாக வைத்துக்கொள்ளலாம்.”

அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்த பல்கீஸ் நின்றாள்.

“நிய்யத்து?” என்று திரும்பாமலே கேட்டாள்.